முதுகில் வெள்ளைக் கோடுள்ள ஈ

எங்கள் பேச்சில் ஈ என்றால் இலையான். வீட்டில் இலையான் வந்திருக்கிறது என்று வெளியில் சொல்வது, வீட்டுக்குப் பொலிஸ் வந்தது என்று சொல்வதற்குச் சமம் என்பது அம்மாவின் கட்சி. கனடாவில் பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். கீழ்வீடுகளில் என்ன பூச்சி குடியிருந்தாலும் அது எங்கள் வாசலைத் தாண்டாது என்பதில் அம்மாவுக்குப் பெரும் பெருமை. மேசையில் ஒரே ஒரு வாழைப்பழம் கிடந்தாலும் அதன்மேல் வலைமூடியைக் கவிழ்த்துவிடுவார். குடைபோல விரிந்து மடியும் வெள்ளை வலைமூடி அது, எந்நேரமும் மேசையிலேயே கிடக்கும். நான் பாதி கடித்த பிஸ்கட்டை வைத்துவிட்டுக் கதவு திறக்கப் போனால், திரும்பி வருவதற்குள் பிஸ்கட் மூடிக்குள் போயிருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான், எனக்கு ஒன்பது வயதாக இருந்த ஒரு செப்டெம்பரில், ஈக்கள் வந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர் அப்பா. துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுபவர். வேலை முடிந்து வரும் வழியில் மாம்பழம் மலிவு என்று பெட்டியோடு தூக்கி வந்தார். ஏன் மலிவு என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிட்டது. பெட்டியின் அடியில் இருந்த பழங்கள் கன்றிக் கசிந்திருந்தன. அம்மா பெட்டியை அப்படியே கறுப்புப் பையில் கட்டிக் குப்பை லொறிக்குக் கொடுத்துவிட்டு, குசினி முழுவதையும் ஜாவெல் என்ற குளோரின் நீரை ஊற்றிக் கழுவினார். அன்று நாங்கள் சாப்பிட்ட சோற்றிலும் நீச்சல் தடாகத்தின் மணம் அடித்தது.

கழுவியும் தப்பியவை சில இருந்தன. அவற்றில் ஒன்று சுவரில் இருந்தபோது அம்மா துணியை ஓங்கினார். சித்தி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார்.

“அக்கா, அடிக்காதேங்கோ. இது இஞ்சத்தை இலையான் இல்லை.”

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு, தினமும் மெட்ரோவில் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். உறவினர்கள் கேட்டால் அம்மா “சயன்ஸ் செய்யிறாள்” என்று நிறுத்திக்கொள்வார். சயன்ஸ் என்றால் கேட்பவர் தம் பாட்டுக்கு மருந்தையோ கணினியையோ நினைத்துக்கொள்ளலாம். இலையான் என்று சொன்னால் நினைத்துக்கொள்வதற்கு ஒன்றுமில்லை.

சித்தியிடம் இருந்த ஆயுதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. அதன் மூடியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள். ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சினால், மற்றதன் முனையில் இருக்கும் ஈ காற்றோடு புட்டிக்குள் வந்துவிடும். நடுவில் சல்லடைத் துணி இருந்ததால் அது வாய்க்குள் வராது. இதை எத்தனை தடவை விளக்கினாலும் அம்மா நம்பவில்லை. சித்தி அதைப் பாவித்த நாட்களில், வாய் கொப்பளித்துவிட்டு வந்தால்தான் சோறு என்பார்.

சுவரில் இருந்ததைச் சித்தி அப்படித்தான் பிடித்தார். அறையில் அவர் வைத்திருந்த பழைய நுணுக்குக்காட்டியின் கீழ் அதை வைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கதிரையில் ஏற்றினார்.

நான் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மண்நிறமான உடம்பு. பழுத்த மிளகாய்ச் சிவப்பில் கண்கள். அந்தக் கண்களுக்கு நடுவில் தொடங்கி, தலையைக் கடந்து, முதுகு நீளத்துக்கும் வெள்ளிக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் இரு பக்கமும் மெல்லிய கறுப்புக் கரை. எவரோ மூச்சை அடக்கிக்கொண்டு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல, ஒன்றும் கோணவில்லை. எள்ளளவு இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு அலங்காரம் யாருக்காக என்று எனக்கு வியப்பாக இருந்தது. அதைவிட வியப்பு, எல்லோரும் துணியை ஓங்கும் இடத்தில் சித்தி இந்தக் கோடுகளை வெறுங்கண்ணால் கண்டுகொண்டது.

அது ஆபிரிக்காவில் தோன்றிய பழ ஈ என்று சித்தி சொன்னார். அத்திப் பழத்திலும் விழுந்து கிடக்கும் மாம்பழத்திலும் முட்டை இடும். பழங்களோடு பழமாகக் கடல் கடந்து பிரேசிலுக்குப் போய், அங்கிருந்து மெக்சிகோ, அமெரிக்கா என்று மேலே மேலே ஏறி வந்திருக்கிறது. அப்பா தேநீரை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். அவரும் ஆபிரிக்காவில் சில காலம் அலைந்து, பிரேசிலில் இறங்கி, மெக்சிகோ வழியாகக் கனடா எல்லைக்கு வந்து சேர்ந்தவர்.

“எங்கடை ரூட்டிலதான் வந்திருக்கு,” என்றார். அதன்பிறகு அப்பா அந்த ஈக்களை அடித்து நான் பார்க்கவில்லை.

சிக்கல் பிறகுதான் வந்தது. இதே வெள்ளைக் கோடுகளோடு ஆபிரிக்காவில் பல இனங்கள் இருக்கின்றனவாம். முன்னங்கால் தொடையில் உள்ள முட்களைப் பார்த்து அவற்றில் சிலவற்றை ஒதுக்கலாம். ஆனால் மிக நெருங்கிய சகோதரிகளைப் பிரித்தறிய ஆண் ஈ வேண்டும். அதன் வால்பக்கத்தில், உடம்புக்குள் இருக்கும் நுட்பமான உறுப்பின் வடிவம் ஒவ்வோர் இனத்துக்கும் வேறு. சித்தியிடம் அகப்பட்டவை எல்லாம் பெண். அவை ஏற்கெனவே செத்து மதுசாரப் புட்டியில் கிடந்தன. பழங்களில் இட்ட முட்டைகளிலிருந்து வளர்த்து எடுத்திருக்கலாம், ஆனால் பெட்டி குப்பை லொறியோடு போய்விட்டது. ஆண் இல்லாமல் இன்ன இனம் என்று எழுத முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அதுவரை மற்றவர்கள் பிடித்துக் கொடுத்த ஈக்களையே பிரித்து வைத்துக்கொண்டிருந்த சித்திக்கு, இது தானே கண்டது, தானே விவரித்து எழுதக்கூடியது.

“ஒரே ஒரு ஆண் கிடைச்சால் காணும் அக்கா,” என்று சித்தி சொன்னபோது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் தூரத்து ஸ்காபரோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை எஞ்சினியர். சாதகம் பொருந்தியாயிற்று. எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. மாதக்கணக்காகத் தொலைபேசியும் கையுமாக இருந்து செய்தது. மாப்பிள்ளையின் தாய் ஒருமுறை பேசியது குசினியில் எல்லோருக்கும் கேட்டது. “பிள்ளை படிச்சது காணும்தானே. கலியாணத்துக்குப் பேந்து இஞ்சை வந்து வேறை ஏதும் பார்க்கலாம்.” அம்மா “ஓம், ஓம்” என்றார். சித்தி எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

அம்மாவும் ஊரில் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டவர்தான். விலங்கியல். முதலாம் வருடத்திலேயே கனடா மாப்பிள்ளை சரிவந்தது. அந்த மாப்பிள்ளைதான் அப்பா. இது எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். அம்மா அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

சனிக்கிழமை காலையில் வீடு பளபளத்தது. அம்மா நன்றாகக் கனிந்த மாம்பழம் ஒன்றை வாங்கி வந்து, வெட்டித் தட்டில் அடுக்கி, வெயில் விழும் யன்னல் ஓரத்தில் வைத்தார். வீடு மணக்கட்டும் என்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். வந்தவர்கள் உட்கார்ந்ததும் அந்தத் தட்டு வரவேற்பறைக்கு வந்தது. மாப்பிள்ளையின் தாய் காஞ்சிபுரம் கட்டியிருந்தார். மாப்பிள்ளை நல்ல மனிதராகத் தெரிந்தார். என்னிடம் பிரெஞ்சில் பெயர் கேட்டுவிட்டு, அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்தார்.

சித்தி சேலை கட்டித் தேநீர்த் தட்டோடு வந்தார். நடை, குனிதல், நிமிர்தல் எல்லாவற்றையும் அந்தத் தாய் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் குனிந்த சித்தி அப்படியே நின்றுவிட்டார். வெட்கம் என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பார்வை தெரியும். சித்தி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த மாம்பழத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தேநீர்த் தட்டை மாப்பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார். குழாய்ப் புட்டியோடு திரும்பி வந்தார். அதற்குள் மாம்பழத் துண்டில் இருந்த ஈ எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு, அந்தத் தாயின் தோளில், காஞ்சிபுரத்தின் சரிகைக் கரையில் போய் இருந்தது. அப்பா நிலத்தைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இனித் துணியை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“அக்கா,” என்றார் அம்மா, அந்தத் தாயிடம், மிகவும் மரியாதையாக. “கொஞ்சம் அசையாதேங்கோ.”

அவர் அசையவில்லை. சித்தி ஒரு குழாயை வாயில் வைத்து, மற்றதைச் சேலையில் படாமல் கிட்டக் கொண்டுபோனார். இத்தனை பேர் பார்த்திருக்க, தன் வாழ்க்கையே தீர்மானமாகிக்கொண்டிருக்க, ஒருவரால் ஒரு பூச்சியை அவ்வளவு பக்குவமாக அணுக முடியும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். ஒரு சிறிய உறிஞ்சல். சித்தி புட்டியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வால்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆண் போலத்தான் கிடக்கு அக்கா,” என்றார் அம்மாவிடம். முகம் முழுவதும் சிரிப்பு.

தட்டும் கையுமாக நின்ற மாப்பிள்ளை, பாவம், தேநீரைத் தாமே எல்லோருக்கும் கொடுத்தார். அப்பா அந்த ஈ வந்த வழியை விளக்கத் தொடங்கி, தாம் வந்த வழியில் போய் முடித்தார். அவர்கள் மரியாதையாகச் சாப்பிட்டு, மரியாதையாகவே விடைபெற்றார்கள். முன்பு பொருந்தியிருந்த சாதகம் ஸ்காபரோ போய்ச் சேர்வதற்குள் பொருந்தாமல் போய்விட்டது.

அது ஆண்தான். அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் அதைப் பிரித்துப் பார்த்து, சித்தி நினைத்த இனமேதான் என்று பேராசிரியரும் ஒப்புக்கொண்டார். பின்னேரங்களில் சித்தி அதை விவரித்து எழுதினார். கோடு எங்கே தொடங்குகிறது, தலையைக் கடக்கும்போது எப்படி அகல்கிறது, கறுப்புக் கரை எங்கே மெலிகிறது என்று ஒவ்வொன்றையும் உரத்து வாசித்து, சொல்லை மாற்றி, மறுபடி நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்ப்பார். ஒரு ஈயைப் பற்றி இவ்வளவு உண்மையாக இருக்க முடியுமா என்று நான் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று சித்தி தம் மாணவர்களோடு அதையே செய்கிறார். வேறு நகரம், வேறு ஈக்கள். அவரைப் போல ஒன்றைப் பார்ப்பவர்களை நான் பிறகு அதிகம் சந்திக்கவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எனக்கு அம்மாவை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. மாதக்கணக்கான பாடு வீணாகிவிட்டது. உறவினர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்க, அம்மா தங்கையை வாயாரத் திட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு மூடியால் வந்த வினை என்று எனக்குப் பட்டது. அவர் தொலைபேசியை வைத்ததும் கிட்டப் போய், ஆறுதலாகச் சொன்னேன்.

“அம்மா, நீங்கள் இண்டைக்கு மாம்பழத்துக்கு மூடி போட மறந்திட்டியள்.”

“ஓம் பிள்ளை,” என்றார் அம்மா. “மறந்துபோச்சு.”

பிறகு கதிரை போட்டு ஏறி, அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கியிருந்த துவாய்களைத் தூக்கி, அவற்றுக்கு அடியிலிருந்து வலைமூடியை எடுத்தார். அது நன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மிஞ்சியிருந்த மாம்பழத் துண்டுகளின் மேல் அதை விரித்துக் கவிழ்த்தார். கதிரையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன், எல்லாவற்றையும் பார்த்தேன். பாவம் அம்மா, வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.