லாச்சியில் தனியாக இருந்த பேர்

அந்தக் குலப்பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் அந்தப் பேரில் அப்போது இரண்டே இரண்டு வீடுகள்தான் இருந்தன. எழுதினால் நாளைக்கே யாராவது என் சிநேகிதிக்குப் போன் போட்டு, உன்னைப் பற்றிப் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பிறகு அவள் என்னைக் கொன்றே போடுவாள். பஞ்சாபிப் பேர், சின்னப் பேர், சொன்னால் கற்கண்டு கடித்தது மாதிரி இருக்கும். அவ்வளவு போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் அவளும் ஸ்காபரோவில் ஒரு கண் டொக்டரின் முன்மேசையில் வேலை செய்தோம். வருகிறவர்களின் பேரைக் கூப்பிடுவதும், அவர்களுடைய கோப்பை எடுத்துக் கொடுப்பதும்தான் எங்கள் வேலை. கோப்புகள் எல்லாம் கடைசிப் பேரின்படி இழுப்பறைகளில், எங்கள் பேச்சில் லாச்சிகளில், அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளைக்காரக் குடும்பம் என்றால் சுகம், ஒரு பேரை இழுத்தால் தாய், தகப்பன், பிள்ளை எல்லாரும் ஒன்றாக வருவார்கள். எங்கள் ஆட்கள் வந்தால்தான் எனக்கு நாக்குத் தள்ளும். தகப்பனின் கடைசிப் பேர் அவரைப் பெற்ற ஐயாவுடையது, பிள்ளைகளின் கடைசிப் பேர் தகப்பனுடையது, பெண்சாதி இன்னும் தன் ஐயாவின் பேரிலேயே இருப்பாள். ஒரே வாகனத்தில் வந்து இறங்கிய குடும்பம் லாச்சிக்கு லாச்சி சிதறிக் கிடக்கும். ஒருநாள் டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "இந்தப் புருசனும் பெண்சாதியும் சேர்ந்துதானே இருக்கிறார்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். பாவம், நல்ல மனுசன்.

இதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுடைய குலப்பேருக்கு லாச்சியில் ஒரே ஒரு கோப்புத்தான். அது அவளுடைய அப்பாவினுடையது. அந்த இடத்தை அவள் கோயில் மாதிரி வைத்திருந்தாள். அவள் கனடாவில் பிறந்தவள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம், ஆனால் என் நினைவில் அவள் எப்போதோ தமிழுக்கு மாறிவிட்டாள்.

"எங்கட பேர் சும்மா பேர் இல்லையடி," என்பாள். "ஒரு ராசான்ர படையில முன்னுக்குப் போன குதிரைவீரன்ர பேர். சண்டையில எல்லாரும் செத்து, அவர் ஒருத்தர்தான் குதிரையில திரும்பி வந்தவர். அவற்ற பரம்பரைதான் நாங்கள். அதாலதான் உலகத்திலயே கொஞ்சப் பேர்."

இது அவளுடைய அப்பா சொன்ன கதை. பிள்ளைப் பருவம் முழுக்க இதைக் கேட்டே சோறு தின்றிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்கு ஓடிப்போய் மற்ற நகரங்களின் டெலிபோன் புத்தகங்களைப் புரட்டுவாள். அந்தப் பேர் எங்காவது கண்ணில் பட்டால், வேலையிடத்துச் சாப்பாட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். வன்கூவரில் ஒரு பொட்டு. கலிபோர்னியாவில் பழத்தோட்டக்காரர் ஒருவர். இங்கிலாந்தில் ஓரிரு பொட்டு. எல்லாருக்கும் போன் போட்டாள். எல்லாரும் பஞ்சாபில் ஒரே ஊரைத்தான் சொன்னார்கள், எல்லாரும் சந்தோசத்தில் கத்தினார்கள். பழத்தோட்டக்காரர் அழுதேவிட்டாராம். எனக்கென்றால் எரிச்சல். என் கடைசிப் பேரைத் தேடி டெலிபோன் புத்தகத்தைத் திறந்தால் எனக்குச் சம்பந்தமே இல்லாத முப்பது பேர் வருவார்கள்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் காலை, வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெடியன், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தான். பஞ்சாபிலிருந்து வந்து கொஞ்சக் காலம்தான். அவள் பேரைக் கேட்டாள். அவன் சொன்னான். அவளுடைய கையிலிருந்த பேனை விழுந்தது.

"திரும்பச் சொல்லுங்கோ," என்றாள்.

அவன் திரும்பச் சொன்னான். அவள் தன் சட்டையில் குத்தியிருந்த பேர்த்தகட்டைத் தொட்டுக் காட்டினாள். அவன் பொத்தியிருந்த கண்ணையும் திறந்துவிட்டான்.

கண்ணில் இருந்த தூசு அன்றைக்கே போய்விட்டது. கண்ணாடி ஒன்றும் வேண்டியிருந்தது, அதுவும் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் கூத்து. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கண்ணாடியின் ஆணி கழன்றுவிடும். அவன் அதைத் தூக்கிக்கொண்டு வருவான், அவள் சின்னத் திருப்புளியை எடுத்துப் பூட்டிக் கொடுப்பாள். உலகத்தில் எந்தக் கண்ணாடியும் அவ்வளவு ஒழுங்காகக் கழன்றதில்லை. "உவன் பட்டறையில வேலை செய்யிறவன். தன்ர ஆணியைத் தானே பூட்டத் தெரியாதோ?" என்று கேட்டேன். "வாயைப் பொத்தடி," என்றாள், முகம் சிவந்து.

இலையுதிர்காலம் வந்தபோது அவள் சாப்பாட்டறையில் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவனுடைய குலப்பேரைக் கேட்டதும் எழும்பி நின்று, "அவன் உனக்குத் தமையன் முறை," என்று சொல்லிவிட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். பஞ்சாபில் ஒரே குலப்பேர் என்றால் ஒரே இரத்தம். எத்தனை தலைமுறை விலகினாலும் அண்ணன் தங்கச்சிதான். அவனுடைய தாயும் ஊரிலிருந்து அதையேதான் போனில் சொல்லியிருக்கிறாள். அவனுக்குக் கல்கரியில் ஒரு வேலை வந்திருக்கிறது. இந்த மாதம் முடிய முன் முடிவு வராவிட்டால், இங்கே இருந்து ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்துச் சாகமாட்டேன், போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறான்.

"எந்தப் பேரால அவனைக் கண்டுபிடிச்சனோ, அந்தப் பேராலயே அவன் போறான்," என்றாள். அதற்கு மேல் என்னால் பகிடி விட முடியவில்லை.

ரூஜ் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய் இதை என் மாமியிடம், அதுதான் என் கணவரின் தாயிடம், சொன்னேன். மாமிக்குக் கலியாணப் பேச்சு என்றால் முழங்கால் நோவு பறந்துவிடும். நான் சொன்னதை ஒரு காதால் கேட்டு, மற்றக் காதைக் குக்கருக்குக் கொடுத்திருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை போவம்," என்றார். "பெத்தவையோட நான் கதைக்கிறன். பயத்தம் பணியாரம் சுடுறன்."

"மாமி, அது வேற ஆக்கள், வேற வழமை."

"கலியாணம் எல்லா இடமும் கலியாணம்தான். நீ இங்கிலீசில சொல்லு, போதும்."

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் எங்களைப் பிக்கரிங்கில் அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். கெட்டிக்காரன். அவளுடைய அப்பா, தலைப்பாகை கட்டிய பெரிய மனுசன், எங்களை மரியாதையாக இருத்தினார். தாய் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். அவள் குசினி வாசலில் நின்று என்னைக் கண்ணால் கெஞ்சினாள். மாமி பணியாரப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, நேரே விசயத்துக்கு வந்தார்.

"சொந்தத்துக்குள்ள எண்டால் இன்னும் நல்லதெல்லோ! நானும் என்ர சொந்த மச்சானைத்தான் கட்டினனான். அம்மான்ர தமையன்ர மகன்."

நானும் ஒரு விசரி, யோசிக்காமல் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிப்போட்டேன்.

ஐயோ, அந்த மனுசனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேத்தண்ணி தரைவிரிப்பில் கொட்டியது. தாய் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தாய்மாமனின் மகனையா?" என்று அவளுடைய அப்பா என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். "எல்லாரும் அப்படியா?" விருப்பமெண்டால், என்றேன். மாமியோ எதுவும் நடக்காததுபோல், மாமன் மகன் சரி, சித்தப்பன் மகன் சரிவராது என்று விரலை மடித்து மடித்து விளக்கினார். அந்த மனுசன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "உங்கள் குலப்பேர் என்ன?" என்று மாமியிடம் கேட்டார்.

"எங்களுக்கு ஏது குலப்பேர்?" என்றார் மாமி. "இஞ்ச வந்து எயர்போட்டில இறங்கேக்க கடைசிப் பேர் எங்க எண்டு கேட்டாங்கள். என்ர புருசன்ர தகப்பன்ர பேரைத் தூக்கி எனக்குப் போட்டிட்டாங்கள். என்ர மாமனார்! அந்த மனுசன் இருக்கும் மட்டும் அவற்ற பேரை நான் வாயால சொன்னதில்லை. அவர் விறாந்தையில இருந்தால் நான் பின்பக்கத்தாலதான் போவன். இப்ப ஒவ்வொரு டொக்டரிட்டப் போகேக்கையும் அவற்ற பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுறாங்கள். நானும் 'யெஸ்' எண்டு எழும்பிப் போறன்! செத்த மனுசன் மேல இருந்து பாத்தால் என்ன நினைக்கும்?"

சொல்லச் சொல்ல மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு என் கணவரின் பேர்தான் கடைசிப் பேர் என்பதையும், ஒரு வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு லாச்சியில் கிடப்பதையும் சேர்த்துச் சொன்னேன். "பேர் எழுதிற இடம் எண்டால் எதையெண்டாலும் எழுதத்தானே வேணும்," என்றார் மாமி. "அதில என்ன வெக்கம்?"

முதலில் அவளுடைய அப்பாவின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு அந்தப் பெரிய மனுசன் வீடே அதிரச் சிரித்தார். சிரிப்பு நின்றபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. குசினி வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

"குதிரை இல்லை, பிள்ளை," என்றார். "லொறி."

அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொல்வதானால் இப்படித்தான் சொல்ல வேண்டும்: "எங்கட ஊரில என்ர பேரும் குலப்பேரும் அப்பிடியே உள்ளவை இன்னும் ரெண்டு பேர். மூண்டு பேரும் ஒண்டாத்தான் பாஸ்போட் எடுக்கப் போனம். உருளைக்கிழங்கு ஏத்தின லொறியில, மூட்டைக்கு மேல இருந்து. பேப்பர் மாறி, என்ர கனடாவை மற்றவன் கொண்டுபோயிடுவானோ எண்டு எனக்குப் பயம். குலப்பேர் எழுதிற இடம் வர, யன்னலால வெளியில பாத்தன். லொறி நிண்டுது. முகப்பில லொறி முதலாளியின்ர குலப்பேர், மஞ்சள் எழுத்தில, ரெண்டு மயிலுக்கு நடுவில. வடிவாய் இருந்துது. எழுதிப்போட்டன்."

குசினி வாசலை விட்டு முன்னுக்கு வந்த மகளைப் பார்த்து அவர் தொடர்ந்தார்.

"நீ சின்னப் பிள்ளையில, எங்கட பேர் ஏன் வேற ஒருத்தருக்கும் இல்லை எண்டு கேட்டாய். லொறி எண்டு சொல்ல மனம் வரேல்லை. குதிரை எண்டன். பிறகு நீ படத்தில பொட்டு வைக்கத் தொடங்கினாய். ஒவ்வொரு பொட்டுக்கும் என்ர வாய் இன்னும் இறுகிப்போச்சு. நீ கட்ட விரும்பின பெடியனுக்கும் அதே பேர் எண்டவுடன, உண்மையைச் சொல்லப் பயந்து தமையன் எண்டு சொல்லிட்டன்."

தாய் சால்வையை உதறி எழும்பினார். அவருக்கு முதலே தெரியும். குலம் தெரியாமலா அந்த நாளில் பெண் கொடுப்பார்கள்? "இண்டைக்கும் நீங்கள் வாய் திறக்காட்டி நான் திறந்திருப்பன்," என்றார் புருசனைப் பார்த்து. அதைச் சொல்லிவிட்டு எல்லாருடைய கையிலும் பணியாரத்தைத் திணித்தார்.

"ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யிறதைக் கண்டிருக்கிறன்," என்றார் மாமி. "ஒரு உண்மையைச் சொல்லிச் செய்யிறதை இண்டைக்குத்தான் காணுறன்."

பெடியனுக்குப் போன் போனது. கண்ணாடி ஒரு பக்கம் சரிய ஓடிவந்தான். அவனுடைய தாயை ஊரில் போனில் பிடித்தார்கள். அவளுடைய அப்பா தன் உண்மையான குலப்பேரை, அத்தனை வருடம் வாயில் எடுக்காத பேரை, அட்லாண்டிக்கைத் தாண்டிக் கேட்கிற மாதிரிக் கத்திச் சொன்னார். அந்தத் தாய் சம்மதித்தார். லொறியைப் பற்றிக் கேட்டதற்கு, தன் பெரியப்பா உருளைக்கிழங்கு ஏற்றியவர்தான், ஆனால் ஊரில் லொறி வைத்திருந்தவர்கள் வேறும் இருந்தார்கள், மயில் எல்லா லொறியிலும் இருக்கும் என்றான் பெடியன். மாமி அதைக் கேட்கவே தயாரில்லை. "அதே லொறிதான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தவள் சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். "இதில ஒருத்தரும் எனக்கு ஒண்டுமில்லை," என்றாள். "அப்ப நான் ஆரடி?" இதைக் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

வசந்தகாலத்தில் கலியாணம். பொட்டுக்காரர் எல்லாருக்கும் அழைப்புப் போனது. பழத்தோட்டக்காரர் பெட்டி நிறையப் பாதாம் கொண்டுவந்தார். எல்லாரும் மாப்பிள்ளை பக்கம் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கே அவர்களை முன்பின் தெரியாது, மணப்பெண்தான் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தாள். பெண் பக்கம் அவளுடைய அப்பாவின் உண்மையான குலத்து ஆட்கள். அது ஊர் முழுக்க உள்ள பேர், இருக்க இடம் காணவில்லை. அவர் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியிடம் வந்தார்.

"கேட்காமல் எடுத்த பேர்," என்றார். "என் பெண்ணோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்."

நான் சொல்ல முதலே மாமிக்கு விளங்கிவிட்டது. ஓம், ஓம் என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

லீவு முடிந்து அவள் வேலைக்கு வந்த காலை, டொக்டர் அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, பேர்த்தகடு புதிதாகச் செய்ய வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், அதே பேர்தான் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவள் லாச்சியை இழுத்து, அப்பாவின் கோப்புக்கும் புருசனின் கோப்புக்கும் நடுவில் தனக்கென்று புதிதாக ஒரு கோப்பைச் செருகினாள். அதில் எழுதியிருந்த பேரை வாய்விட்டு ஒருதரம் வாசித்தாள்.

"இப்ப என்ர," என்றாள். பிறகு லாச்சியை இடுப்பால் தள்ளிச் சாத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.