வெல்டரும் மகளும் பார்க்காத எரிகல்

அந்தத் தெருவில் வெல்டருக்கு முசுடு என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, உடைந்த கேட்டை யாரிடம் தூக்கிக்கொண்டு போவதாம்? பட்டறையில் நெருப்பு வைக்குமுன் "கண்ணு!" என்று அவர் போடும் சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் அவ்வளவுதான், மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தித் தூக்கம் போய்விடும். வாலிபத்தில் அவர் அதைப் போதும் போதும் என்கிற அளவுக்கு அனுபவித்தவர்.

அதனால்தான் மகளுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் வேலை கிடைத்ததும் மனிதர் கூடவே கூடாதென்று ஒற்றைக்காலில் நின்றார். இத்தனைக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

"ஏதோ ஆசைப்பட்டா, பக்கத்துலயே இருப்பான்னு சொல்லிக் குடுத்தேன்" என்று மனைவியிடம் சமாளித்தார்.

"நல்லா இருக்கே உங்க நியாயம்" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் தளத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றபோது மகள் மறுபடி ஆரம்பித்தாள்.

"அப்பா, கடைசியா கேக்கிறேன். போகட்டுமா, வேண்டாமா?"

"கண்ணு போச்சுன்னா யாரு குடுப்பா? உனக்கு இன்னும் பழக்கம் பத்தாது. பக்கத்துல ஒருத்தன் சொல்லாம பத்த வெச்சா, பேந்தப் பேந்த முழிச்சுட்டு நிப்ப."

அவள் வாயைத் திறப்பதற்குள் தெரு முழுதும் பளீரென்று வெளுத்தது. பச்சையாக எரிந்துகொண்டு ஒரு நெருப்புப் பந்து, நீளமான வாலை இழுத்தபடி கூரைகளுக்கு மேலே போனது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் வாயைப் பிளந்தாள். இன்னொரு தரம் ஆயுசில் காணக் கிடைக்காத காட்சி.

வெல்டர் அதைப் பார்க்கவில்லை. "கண்ணு!" என்று அலறி, முகத்தைத் திருப்பி, உள்ளங்கையால் மகளின் கண்ணைப் பொத்தியிருந்தார். அவர் கண்மேலும் ஒரு கை இருந்தது. சொரசொரவென்று, இரும்பு வாடை அடிக்கிற கை.

எதிர்க்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எரிகல் விழுதுன்னு ஊரே வானத்தைப் பார்க்குது, அப்பனும் பொண்ணும் கண்ணாமூச்சி ஆடறீங்களா?"

"ச்சே, போச்சேப்பா!" மகளும் சிரித்துவிட்டாள். "யாரோ சொல்லாம பத்த வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பழக்கம் பத்தாது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. யோசிக்க நேரமில்லாத நேரத்தில் அவள் கை தன் கண்ணைத் தேடாமல் அவர் கண்ணைத் தேடி வந்திருக்கிறது. பெருமையாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வெறும் வானத்தைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

"அங்க போனா," என்றார் கடைசியில், "முதல்ல உன் கண்ணைப் பொத்திக்கணும். மத்தவங்க கண்ணு அப்புறம்தான். கேக்குதா?"