முட்டுக்கு மேல் வளராத வேலி

புதுக்கடை ஊர்ப் பக்கம் வீடு கட்டியபோது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினேன். டைல்ஸ் நிறம் என் வீட்டுக்காரர் இஷ்டம், மாடிப்படி அவர் அக்கா இஷ்டம். முன்பக்க வேலி மட்டும் என் இஷ்டம் என்றேன். முழங்காலுக்கு மேல் ஒரு இலை வளரக் கூடாது.

அவர் துபாயில். ஆளில்லாத வீட்டுக்கு ஆளுயர மதில் வேண்டும் என்று போனில் சொன்னார். ஆளில்லாத வீடாமே! அப்போ நான் யாரு, கட்டிலா பீரோவா?

முன்பு இருந்த வாடகை வீட்டில் மதில் இருந்தது, மேலே கண்ணாடிச் சில்லு பதித்த மதில். ஒருநாள் காலையில் துவைகல் பக்கம் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து, பொழுது சாயும்வரை அங்கேயே கிடந்தேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டும், பஸ் ஆட்டோ இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. இனி செத்தாலும் மதிலுக்குள் குடியிருக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நர்சரிக்காரர் முதலில் செம்பருத்தியைக் காட்டினார். வளர்ந்தால் அதுவும் மதில்தான், வேண்டாம் என்றேன். குட்டைத் தெற்றி, அதான் இட்லிப்பூச் செடி, வாங்கி நட்டேன். சிவப்பாகப் பூத்து அழகாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டு ஆடுகள் மொட்டையடித்துவிட்டன. கடைசியில் நித்தியகல்யாணி. வெயில் தாங்கும், ஆடு வாய் வைக்காது, நுனியைக் கிள்ளிவிட்டால் அடங்கி நிற்கும்.

எங்கள் பக்கம் அதைக் கல்லறையில்தான் நடுவார்கள். நாத்தனார் வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தார். தம்பி கடல் தாண்டி இருக்கையில் வாசலில் கல்லறைப் பூவா, பிடுங்கு என்றார். வேண்டுமானால் நீங்களே பிடுங்குங்க மைனி, நாளைக்கு அதே குழியில் நடுவேன் என்றேன். கொஞ்ச நாள் என்னிடம் பேசவில்லை. எனக்கும் நிம்மதி.

அடுத்த லீவில் வந்த வீட்டுக்காரர் மதில் கட்டச் செங்கல்லுக்குச் சொல்லிவிட்டுத்தான் என்னிடமே சொன்னார். வாசலில் நின்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மீன்காரி ரோட்டில் நின்றாள். முகம் ரெண்டு நாளா வாடிக் கிடக்கே மக்களே, மேலுக்குச் சுகமில்லையா என்று செடிக்கு மேலாகவே என்னிடம் கேட்டாள். உள்ளதுதான், காய்ச்சல். ஒரே வீட்டில் இருந்தவர் அதைக் கேட்கவில்லை.

அவள் போனதும், ஊரே வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது என்று முறைத்தார்.

"பாக்கட்டும். நாளைக்கு நான் விழுந்தா துபாய்லயிருந்து நீங்களா ஓடி வருவிய? அவதான் கூடைய எறக்கி வச்சிட்டு வருவா."

அவர் உள்ளே போய்விட்டார். செங்கல்லை மட்டும் நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் லோடு வந்து நின்றது. திருப்பிக்கொண்டு போகச் சொன்னேன். வண்டிக்காரர் என்னை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற அவர் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன பாக்கிய? இங்க குடியிருக்கது நான்லா."

லோடு திரும்பிப் போனது.