விதைக்கு வெச்ச மல்லாட்டை

விதை மல்லாட்டையில, வேர்க்கடலைன்னு சொல்வாங்களே, அதுல மருந்து கலக்குறதுக்கு ரெண்டு காரணம் உண்டு. வேர் அழுகாம இருக்கணும்ங்கிறது கடைக்காரன் சொல்றது. இன்னொண்ண யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. விதை போடுற பொம்பள ஒரு பருப்பைக்கூட எடுத்து வாயில போட்டுக்கக் கூடாது, அதான். கெடார் பக்கம் கல்யாணமாகி வந்த நாள்லருந்து நான் விதை போடுறவ. எனக்குத் தெரியாதா இன்னா?

போன கார்த்திகையில, வருஷம் முச்சூடும் பேய வேண்டிய மழை ஒரே மூச்சுல கொட்டிச்சு. ஏரி ஒடைஞ்சு தண்ணி தெருவுக்குள்ள பூந்துடுச்சு. எங்க வூட்டுக்காரரும் கொழுந்தனும் சென்னையில சென்ட்ரிங் வேலையில இருந்தாங்க. நானும் என் ஓரகத்தியும் ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி இடுப்புல சொருவிக்கினு, மேட்டுல இருந்த நிலத்துக்காரர் மோட்டார் கொட்டாய்க்கு ஓடினோம். அவளுக்கு ஏழாம் மாசம்.

கொட்டாய்க்குள்ள ஒரு சாக்கு விதை இருந்துச்சு. மழை விட்டதும் நாங்க போட வேண்டிய விதை. மருந்து கலந்து செவசெவன்னு இருந்துச்சு.

மொத நாள் கையில இருந்த பிஸ்கட்ட அவளுக்குக் குடுத்தேன். மறுநாள் ஒண்ணுமில்ல. ரேஷன் கடை தண்ணிக்குள்ள கெடக்குது, கார்டு மட்டும் நனையாம என் இடுப்புல இருக்குது. சோறு ஒவ்வொருத்தர் உரிமைன்னு மைக்குல பேசுவாங்களே, அவங்கள்ல ஒருத்தர் வந்து அந்தக் கார்டை வேக வெச்சுக் காட்டியிருக்கணும். விக்கிரவாண்டி ரோட்டுல சோத்துப் பொட்டலம் ஏத்திக்கினு வேனுங்க போவுதுன்னு போன்ல எங்க வூட்டுக்காரர் சொன்னார். ரோட்டோரத்து ஊருக்குத்தான் அதெல்லாம். அப்புறம் போன்ல சார்ஜும் பூடுச்சு.

அவ சாக்கையே பார்த்துக்கினு இருந்தா.

"க்கா, நல்லா கழுவினா மருந்து பூடாதா?"

"பைத்தியமாடி ஒனக்கு? வயித்துல புள்ளைய வெச்சிக்கினு பேசுற பேச்சா இது?"

சாக்கை இழுத்துப் போட்டு அதுமேல சாஞ்சு உக்காந்துக்கினேன். வெளிய தண்ணி ஏறிக்கினே இருந்துச்சு, திரும்பவும் வானம் இருட்டிக்கினு வந்துச்சு. ஆனா தண்ணிய விட அந்தச் சாக்குக்குத்தான் நான் பயந்தேன்.

எப்பக் கண்ணசந்தேனோ தெரியல. விடியக்காலம் அவ ஓங்கரிக்கிற சத்தம் கேட்டு முழிச்சுக்கினேன். சாக்கு ஓரத்துல கை நுழையற அளவுக்குக் கிழிஞ்சிருந்துச்சு.

"எவ்ளோடி தின்ன? சொல்லித் தொலையேன்டி!"

அடிக்கக் கை ஓங்கிட்டேன். நல்லகாலம், விதை நனைஞ்சுடுச்சான்னு பார்க்க நிலத்துக்காரர் டிராக்டர்ல வந்தார். எங்களுக்காக வரல, ஆனாலும் வந்தாரே. பின்னாடிப் பொட்டியில அவளப் படுக்க வெச்சுக்கினு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினோம். அவ தலைய மடியில வெச்சுக்கினு வழி முழுக்கத் திட்டிக்கினே போனேன்.

"தெரிஞ்சே தின்னியேடி பாவி, தெரிஞ்சே தின்னியே!"

அவ என் கையப் புடிச்சு வயித்து மேல வெச்சா.

"நேத்து மத்தியானத்துலருந்து உதைக்கவே இல்லக்கா. தட்டிப் பார்த்தேன், கூப்ட்டுப் பார்த்தேன், அசையல. ரெண்டு வாய் தின்னேன். உதைச்சுது."

ரோடு முழுக்கக் குண்டும் குழியுமா இருந்துச்சு. வண்டி குலுங்குதா, புள்ள உதைக்குதான்னு எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரி வாசல் வர்ற வரைக்கும் நான் கைய எடுக்கல.