மடிப்பில் அறுந்த பட்டை

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டி மடிக்கிறவர் அவர். மேஸ்திரி முதல் காவலாளி வரை எல்லோருக்கும் 'மடிப்பு'தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். வீட்டுச் சுவர்க்கடிகாரம் மூன்று முறை செத்துப் பிழைத்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் மாட்டியது ஒரு வாழ்த்து அட்டை. மனைவிக்கு அவள் தம்பி தன் கையால் செய்து தபாலில் அனுப்பியது. திறந்தால் மூன்று மாடி வீடு எழுந்து நிற்கும். மேல்மாடி ஜன்னலில் அரிசி அளவு விளக்கு எரியும். மூடினால் அணையும். ஒயரும் கிடையாது, சுவிட்சும் கண்ணில் படவில்லை. அவள் நாலு நாளாக அடுப்படியில்கூட அதைத் திறந்து திறந்து பார்த்தாள். இவருக்கோ மண்டை குடைந்தது.

தம்பி நாலு வருஷமாக இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காரணம் இவர் வாய்தான். கத்தரிக்கோலையும் கோந்தையும் வைத்துக்கொண்டு எவனாவது பிழைப்பானா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அட்டையை மடித்தே சோறு தின்கிற மனுஷன் கேட்ட கேள்வி அது.

மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போன கையோடு, பின்பக்கத் தாளைக் கத்தியால் நைசாகக் கீறினார். உள்ளே ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிய செம்புப் பட்டை, பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. வீடு எழும்போது ஒரு காகித நாக்கு நகர்ந்து இரண்டு பட்டைகளைத் தொட்டது. அதுதான் சுவிட்சு! "எமகாதகன்" என்று முனகியபடி நாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்தார். மடிப்பில் இருந்த பட்டை அறுந்தது. ஜன்னல் இருண்டது.

நாலு மணிக்கு அவள் வந்துவிடுவாள். பழைய காழ்ப்பில் கிழித்தார் என்றுதான் நினைப்பாள். பார்க்கத்தான் பிரித்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

நல்லவேளை, பழுதானால் ஒட்டிக்கொள்ளட்டும் என்று தம்பி உறையில் மிச்சப் பட்டை கொஞ்சம் போட்டிருந்தான். ஒரு துண்டு வெட்டி அறுந்த இடத்தின் மேல் ஒட்டினார். எரியவில்லை. மேலே இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. ஊஹூம். மணி மூன்றேமுக்கால். உறையின் பின்னால் தம்பியின் போன் நம்பர் இருந்தது. வேறு வழியில்லாமல் அடித்தார்.

"மாப்ள, நான்தான்."

இவர் நலம்கூட விசாரிக்கவில்லை. செய்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"பட்டை மேல பட்டையா ஒட்டினீங்களா மாமா?"

"ஆமா. அழுத்தித்தான் ஒட்டினேன்."

"அடியில கோந்து இருக்குல்ல? அது கரண்ட்டை விடாது. துண்டோட ரெண்டு முனையையும் உள்பக்கமா மடிச்சு ஒட்டுங்க. செம்பு செம்பைத் தொடணும்."

பெட்டி வேலையில் கோந்துதான் ஒட்டுறவு. இங்கே அதுவே குறுக்கே நிற்கிறது. "அது சரி, அந்த நாக்கு எப்படி அத்தனை சரியா வந்து தொடுது?" என்று இவர் கேட்க, தம்பி அளவுகளைச் சொல்ல ஆரம்பித்தான். அதில் நேரம் போனதே தெரியவில்லை. நிமிர்ந்தால், செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவி நிற்கிறாள். மேஜையில் அவள் அட்டை குடல் சரிந்து கிடந்தது.

முகம் சிவந்து வாயைத் திறந்தவள், போனிலிருந்து வந்த தம்பியின் குரலைக் கேட்டு அப்படியே நின்றாள். "எத்தனை சென்டிமீட்டர்னு சொன்ன?" என்று இவர் தடுமாறினார். தோள்பையை இறக்கி வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"போனை வெச்சுடாதீங்க," என்றாள். "அவன் சொல்றபடி மடிங்க."