மங்கலாக விட்ட தெரு

எங்கள் ஊருக்கு இணைய வரைபடம் செய்து கொடுத்தவன் நான். அதை நினைத்தால் இன்று என்மேலேயே வெறுப்பு வருகிறது.

கல்லூரியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆரணிப் பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து கேட்டார்கள். வெளியூர்க்காரர்கள் கடைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். சாக்கடை அடைத்துக்கொண்டால், வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுச் சொன்னதும் வியாபாரிகளின் கழிவுநீர் வண்டி போக வேண்டும்.

இணைய வரைபடம் ஒரே படமாக வருவதில்லை. சதுரத் துண்டுகளாக வெட்டி வைத்து, பார்க்கும் இடத்துக்கு உரியதை மட்டும் அனுப்புவோம். பெரிதாக்கினால் இன்னும் நுணுக்கமான துண்டுகள் வரும். துண்டு பெரிதாக இருந்தால் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். சிறிதாக இருந்தால் சட்டென்று தெரியும். ஆனால் கோப்புகள் நான்கு மடங்காகிவிடும்.

“தொட்டா ஜல்தியா தெறக்கணும் வாத்தியாரே. சின்னதாவே வெட்டுங்க,” என்றார் வியாபாரிகளின் செயலாளர்.

வெட்டினேன். எங்களுக்குக் கிடைத்த இணைய இடத்தில் அத்தனை கோப்புகளும் கொள்ளவில்லை. ஆற்றோரக் காலனிக்கு மட்டும் நுணுக்கமான துண்டுகளை உருவாக்காமல் விட்டேன்.

“அங்க எவன் பொடவ வாங்கப் போறான்?” என்று செயலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

காலனியைப் பெரிதாக்கினால் பழைய துண்டே இழுபட்டு, ஈரத் துணியில் மை ஊறியது போலத் தெரியும். எது சந்து, எது வீடு என்று புரியாது.

களம்பூர் ரைஸ்மில்லில் வேலை செய்யும் காலனிப் பெண்மணி ஒருவர், வரைபட வேலை நடந்த எங்கள் அறைக்கு வந்தார். அவர் வீட்டு வாசலில் சாக்கடை தேங்கியிருந்தது. பிரசவமான மகள் குழந்தையோடு வருவதற்குள் அதை எடுத்தாக வேண்டும்.

“படத்துல தொட்டு ரெண்டு தபா புகார் அனுப்பிட்டேன் சார். வண்டி கடத்தெருவுல நின்னுட்டுத் திரும்பிப் பூடுது. எங்க தெரு மட்டும் கலங்கலாவே கீது. எம்போன் மட்டமா சார்?”

செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஆமாம்மா, பழைய போன்,” என்றேன்.

அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்துக் காலனிக்குப் போனேன். சாயநீரும் மலமும் கலந்து வாசற்படியை நக்கிக்கொண்டிருந்தன. படியில் புழு நெளிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன், அந்தத் தெருவை விட்டுவிட்டு வரைபடத்தை வெட்டிய கைதான் அதைவிட அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்து பெரிய துண்டுகளாக மறுபடியும் வெட்டினேன். காலனியும் சேர்ந்து ஊர் முழுவதும் அடங்கியது. ஒரு மதிய வேலை, அவ்வளவுதான். மறுநாள் வண்டி சரியான வாசலுக்குப் போனது, நானும் போனேன். மகள் முந்தின நாளே வந்து, நாற்றம் தாங்காமல் கணவன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

போனில் கோளாறு இல்லை, உங்கள் தெருவை மங்கலாக விட்டவன் நான்தான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“அய்ய! போன கீழ போட்டுக் கெடுத்துட்டன்னு எங்க வூட்டுக்காரர தெனம் திட்டிகினு கீறேனே!” உள்ளே திரும்பிக் கத்தினார்: “யோவ், போன் நல்லாதான் கீதாம்யா!”

“எத்தினி தபா சொன்னேன்?” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. மகளின் எண்ணை அழுத்திப் போனை என்னிடம் நீட்டினார்.

“ஒரு சாக்கடய எடுக்கத் துப்பில்லன்னு என்னத்தான் சொல்லிட்டுப் போனா. நீங்களே சொல்லுங்க சார்.”

வாங்கினேன். மறுமுனையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.