படக்குழாயின் கழுத்து

என் தாய்மாமாவின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் சுற்றி வளைத்தது போதும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். திருச்சியிலிருந்து வேலை தேடி வந்த மாமா, வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேடினார். செகந்திராபாத் பழைய சாமான் கடைகளிலிருந்து செத்துப்போன டி.வி.க்களைத் தூக்கிவந்து, ஒன்றிலிருந்து டிரான்ஸ்பார்மர், இன்னொன்றிலிருந்து ஸ்பீக்கர், மற்றொன்றிலிருந்து படக்குழாய் என்று கழற்றிச் சேர்த்து, பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டு தானே ஒரு டி.வி. கட்டினார். அம்மா பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தோடு ஒரு கண்டன்சர் வந்தது.

"என்ன மாப்ளே, இது என்னைக்குக் கண்ணைத் தொறக்கும்?" என்று அப்பா தினமும் குத்துவார். கடைசியில் கெடு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை படம் தெரிந்தால் ரிப்பேர் கடை வைத்துத் தருவார். தெரியாவிட்டால் மாமா திருச்சிக்குத் திரும்பி அரிசி மண்டியில் உட்காரவேண்டும். சனிக்கிழமையே திரையில் வெளிச்சம் வந்துவிட்டது.

ஞாயிறு காலை மாமா கம்பி பற்றவைக்கிற ஈயம் வாங்கக் கடைக்குப் போனார். "பின்னாடி இருக்கற கழுத்தை மட்டும் தொட்டுடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பக்கத்து வீட்டுப் பையனோ, "அதுல மேக்னெட் இருக்குடா, ஹவ். பயமா? அப்ப நக்கோ, வேணாம், விடு" என்று ஹைதராபாத் உருது கலந்து உசுப்பினான். விடுவேனா?

குழாயின் கழுத்தில், கம்பிச்சுருளுக்குப் பின்னால், வளையக் காந்தங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. முறுக்கி இழுத்தேன். கண்ணாடி விண்டு, 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்தது. அத்தனை பாடுபட்டு எடுத்த காந்தம் ஒரு குண்டூசியைக்கூட ஒழுங்காகத் தூக்கவில்லை. எரிச்சலோடு அதை மறுபடி மாட்டினேன். சுருள் விரிசலை மறைத்துவிட்டது. நிம்மதியாகக் கிரிக்கெட் ஆடப் போனேன், கழுதை.

மாலையில் அக்கம்பக்கமெல்லாம் கூடியது. சத்தம் வந்தது, படம் வரவில்லை. மாமா குழாயின் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாராவது தொட்டீங்களா?"

"நான் தொடலை மாமா."

"விடுங்க மாப்ளே. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மாமா ரயிலேறினார்.

நான் சம்பாதிக்கத் தொடங்கிப் பல வருடம் ஆனபின், ஒரு கலர் டி.வி.யோடு திருச்சிக்குப் போனேன். மண்டியில், மூட்டைகளுக்கு நடுவே, நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்டா. காத்து புகுந்தா கழுத்துக்குள்ள இருக்கற வெள்ளிப்பூச்சு சுண்ணாம்பாட்டம் ஆயிடும். அன்னைக்கே பார்த்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?"

"நான் சொன்னா உங்கப்பா சாக்குன்னுதானே சொல்லுவாரு? நீ சொல்லணும்டா. சொல்லுவேன்னுதான் ஒரு வாரம் இருந்தேன். இப்ப வந்து சொல்றே, அவரும் போயிட்டாரு."

டி.வி.யைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். அத்தைதான் மனம் கேளாமல் உள்ளே வைத்தாள். அவர் அதைப் போட்டுப் பார்த்ததே இல்லையாம்.

அந்த ஒரு வாரமும் மாமா தினமும் என்னை மட்டும் இரானி டீக்கடைக்கு அழைத்துப் போவார். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊருக்குப் போகிறவரின் பாசம் என்று நினைத்து, நான் இன்னும் ஒரு பிஸ்கட் கேட்பேன்.